மாரிக்குத் தாக்குப்பிடித்த கோச்சிப் பலகை

2023 ஆடி மாதம் மாமாங்கத் தீர்த்தத்துக்கு ஊர் வந்த என் தம்பி, தன் மருமகனுக்கு, அதாவது என் மகனுக்கென்று, சுவிஸிலிருந்து ஒரு சிவப்பு விளையாட்டுக் கோச்சி, ரயில் வண்டி, கொண்டுவந்தான். கேட்டோ கம்பனி செய்த கிளேசியர் எக்ஸ்பிரஸ். அல்ப்ஸ் மலையில் ஓடும் அதே வண்டி, 150இல் ஒரு பங்காகச் சுருங்கி, 9 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தில் ஓடுகிறது. அதோடு எட்டு வளைவுத் துண்டு, நாலு நேர்த்துண்டு, ஒரு கொன்ட்ரோலர். வைத்து ஓட்டுவதற்கான பலகையை நாங்கள்தான் இங்கே தேட வேண்டியிருந்தது.

அந்தத் தேடலில் இரண்டு மாரி கழிந்தது, ஒரு முழுப் பலகை வீணாயிற்று. வெளிநாட்டில் இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய அறையில் ஹீட்டர் இருக்கிறது, வருடம் முழுக்கச் சுவர் காய்ந்து கிடக்கிறது. எங்களுடையது ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், நடுவில் மட்டக்களப்புக் கல்லடியில் ஓட்டுக்கூரை வீடு. கார்த்திகை பிறந்தால் அலுமாரிக்குள் இருக்கும் சேலைகூட ஈரமாகத் தொடுபடும். இந்த வீட்டில் எந்தப் பலகை நிற்கும், எது ஊதும் என்று எழுதியவர் யாரையும் நான் காணவில்லை. ஆகவே மட்டக்களப்பிலும் ஏறாவூரிலும் நான் காசு கொடுத்து வாங்கிப் பாவித்த சாமான்களைப் பற்றி எழுதுகிறேன். நான் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. தச்சுவேலை தெரியாது, அளக்கத் தெரியும்.

முதல் ஓட்டம் கரம் (கேரம்) போட்டில் நடந்தது. எட்டு வளைவையும் சேர்த்தால் ஒரு வட்டம் வரும். அந்த வளைவின் ஆரை 315 மில்லிமீற்றர். விட்டம் 630, தண்டவாளத்துக்கு அடியில் சல்லி போல வரும் பிளாஸ்ரிக் மேட்டின் அகலம் 25, மொத்தம் 655. கரம் போட்டின் உள் அகலம் 740 மில்லிமீற்றர். வட்டம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிள்ளைக்கு ஒரு கோச்சி கிடைத்து, இன்னும் பலகை வாங்காத வீடு எதுவானாலும் அன்றைக்கே கரம் போட்டில் ஓட்டிப் பாருங்கள். மட்டமான, வளையாத, சுற்றிலும் சட்டம் உள்ள பலகை அது. வண்டி தடம் புரண்டாலும் நிலத்தில் விழாது. நல்ல அடிப்பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் வீட்டில் இருந்த முதல் மாதிரி அதுதான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

வட்டத்தில் மூன்று நாள் சுற்றியதும் மகனுக்கு நேர்ப்பாதையும் வேண்டும் என்றாகிவிட்டது. நேர்த்துண்டு ஒன்றின் நீளம் 248. பக்கத்துக்கு இரண்டு வைத்தால் மொத்த நீளம் 1151 மில்லிமீற்றர் வரும். நாலடி என்பது 1219. நீளம் சரி. அகலத்தில்தான் பலர் பிழை விடுவார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கடைக்காரர் எல்லோரும் முதலில் சொல்வது “நாலுக்கு ரெண்டு” என்றுதான். இரண்டடி 610 மில்லிமீற்றர். எங்கள் வளைவுக்கு 655 வேண்டும். நாலுக்கு இரண்டு பலகை வாங்கியிருந்தால் இரண்டு பக்கமும் தண்டவாளம் வெளியில் தொங்கியிருக்கும். இதே கம்பனியில் 282 ஆரையுள்ள வளைவும் உண்டு. அது 589இல் அடங்கும், ஆனால் ஓரத்தில் விரலளவு இடம்கூட மிஞ்சாது. ஆகவே நாலுக்கு இரண்டரை என்று முடிவெடுத்தேன். எந்தப் பலகை என்று யோசிப்பதற்கு முதல் உங்கள் வளைவின் ஆரையை அடிமட்டத்தால் அளந்து, இரண்டால் பெருக்கி, ஓரத்துக்கு இரண்டு பக்கமும் ஐந்து சென்றிமீற்றர் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அந்த ஆவணியில் நான் வாங்கியது எம்.டி.எப். 12 மில்லிமீற்றர் தடிப்பு. வாங்கியதற்குக் காரணம் அதன் அழகு. கண்ணாடி போல மட்டம், முடிச்சு இல்லை, பிளவு இல்லை, வெட்டிய ஓரம் வெண்ணெய் மாதிரி. பிளைவூட்டின் விலையோடு பார்த்தால் நன்றாகவே மலிவு. தண்ணீர் படலாமா என்று கேட்டேன். “தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாது டீச்சர், இப்ப அலுமாரி எல்லாம் இதுலதான்” என்றார் விற்றவர். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்கள். வீடு முழுக்க வெக்கையும் புழுதியும். ஈரத்தைப் பற்றி நினைக்கவே தோன்றாத காலம். இரண்டு மாதம் அந்தப் பலகையில் கோச்சி அருமையாக ஓடியது, அதை மறைக்க மாட்டேன்.

குறை பாரத்தில் தொடங்கியது. நாலுக்கு இரண்டரை அளவில் வெறும் பலகையே எட்டுக் கிலோவுக்கு மேல். சாப்பாட்டு மேசையிலிருந்து இறக்கிச் சுவரில் சாத்த ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் வேண்டும். மகன் தனியாகத் தூக்க முயன்று ஒரு மூலையை நிலத்தில் போட்டான். மூலை நசுங்கியது. எம்.டி.எப். என்பது நுண்ணிய மரநாரும் பசையும் சேர்த்து அழுத்திய பலகை. உள்ளே மரத்தில் உள்ளது போல ஒரே திசையில் நார் ஓட்டம் இல்லை. நசுங்கினால் நசுங்கியதுதான், ஓரத்தில் ஸ்குரூ ஆணி இறக்கினால் இரண்டாகப் பிளக்கும்.

பிறகு மாரி வந்தது. கார்த்திகையில் ஒரு கிழமை விடாத மழை. பலகை குசினிச் சுவரில் சாத்தியிருந்தது. வாசலால் அடித்த தூவானமும் நிலம் துடைத்த ஈரமும் அடி ஓரத்தில் ஊறியிருக்கின்றன. பள்ளிக்கூட ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கிமானியால் அளந்தேன். 12 மில்லிமீற்றராக இருந்த ஓரம் கீழ் மூலையில் 13½. மேலே இன்னும் 12. ஒன்றரை மில்லிமீற்றர் என்றால் சின்னச் சங்கதி போலத் தெரியும். 9 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் வண்டிக்கு அது பெரிய மேடு. முன்பெட்டி அந்த இடத்தில் ஏறி, பின்பெட்டியின் கொக்கியை விட்டுவிடும். காய்ந்ததும் இறங்கும் என்று தை வரை பார்த்திருந்தேன். இறங்கவில்லை. ஊதிய எம்.டி.எப். திரும்பப் பழைய தடிப்புக்கு வராது. வெட்டிய ஓரம் முழுவதையும் வாங்கிய அன்றே பசையோ பெயின்றோ பூசி மூடியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். நிலத்தில் சாத்தி வைக்காமல், மேல்மாடி அறையில் நிரந்தரமாக மேசையில் கிடக்கும் பலகைக்கு இதை யாராவது வாங்கினால் தடுக்க மாட்டேன். வெள்ளம் வந்தால் சாமான் தூக்கும் வீடு என்றால் வேண்டாம்.

அடுத்த பங்குனியில் பிளைவூட்டுக்குப் போனேன். இந்தத் தடவை அப்பாவையும் கூட்டிக்கொண்டு.

அப்பா ரயில்வேயில் பாதைப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் அவர் நடக்காத சிலிப்பர் கட்டை இல்லை. பேரனுடைய தண்டவாளத்தைக் கையில் எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இது என்னகா இவ்வளவு ஒடுக்கம்?” அவர் கண்ணுக்குச் சரியாகவே பட்டிருக்கிறது. எங்களுடைய பாதை ஐந்தரை அடி, 1676 மில்லிமீற்றர். கிளேசியர் எக்ஸ்பிரஸ் ஓடுவது ஒரு மீற்றர் அகலப் பாதையில். 150இல் ஒரு பங்கு அளவில் எங்கள் பாதையைச் செய்தால் 11 மில்லிமீற்றருக்குக் கூடுதலாக வரும். அந்த ஒரு மீற்றர் ஏழுக்கும் குறைவாகத்தான் வரும், ஆனால் இந்தச் சின்ன வண்டியை 9 மில்லிமீற்றர்த் தண்டவாளத்துக்குப் பொருந்தச் செய்திருக்கிறார்கள். பிறகு நான் பலகையின் அகலம் 762 மில்லிமீற்றர் என்றதும் அவர், “அது பழைய களனிவெளிப் பாதையின்ட அகலம்” என்றார். இரண்டரை அடிப் பாதை. பலகையின் மூலைவிட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 1438 மில்லிமீற்றர் வந்தது. உலகில் கூடுதலான நாடுகள் பாவிக்கும் தண்டவாள அகலம் 1435. பலகைக்கும் பாதைக்கும் சம்பந்தம் எதுவும் கிடையாது, தற்செயலாக வந்த எண்கள். ஆனால் அதைக் கேட்ட மகன் அன்றைக்கு முழுக்க வீட்டில் எல்லாவற்றையும் அளந்துகொண்டு திரிந்தான்.

பிளைவூட் வாங்கும்போது கடையிலேயே பார்க்க வேண்டியவை உண்டு. சீற்றின் ஓரத்தைப் பாருங்கள், அடுக்குகளை எண்ணுங்கள். ஒரே 9 மில்லிமீற்றரில் ஐந்து அடுக்கும் இருக்கிறது, ஏழு அடுக்கும் இருக்கிறது. அடுக்குக் கூடினால் வளைவு குறையும். அடுக்குகளுக்கு நடுவில் இருட்டாகப் பொந்து தெரிந்தால் அந்தச் சீற்று வேண்டாம். வெட்டும்போது அந்தப் பொந்து உங்கள் ஓரத்தில் வந்து நிற்கும், ஆணி பிடிக்காது. விரல் மொழியால் தட்டிக்கொண்டே போனால் உள்ளே வெற்றிடம் உள்ள இடத்தில் சத்தம் மாறும். சின்ன ஓட்டையும் மாவு போன்ற தூளும் இருந்தால் உளுத்த பலகை. அது வீட்டுக் கதிரை மேசைக்கும் பரவும். கடைசியாக, சீற்றை நிமிர்த்தி ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனையைப் பார்க்க வேண்டும். அப்பா இதைத் தண்டவாளத்துக்குச் செய்கிற மாதிரியே முழங்காலில் இருந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அடுக்கிலிருந்த நாலாவது சீற்றைத்தான் சரி என்றார். கடைப் பையன்கள் முகம் சுளிக்காமல் நாலையும் இறக்கிக் காட்டினார்கள். அந்த மரக்காலைக்கு நான் திரும்பப் போவேன் என்பதற்கு அது ஒன்றே போதும்.

‘மரைன்’ என்று முத்திரை குத்திய சீற்றும் இருந்தது, விலை கூட. பெயரை நம்பாமல் இரண்டு வகையிலும் உள்ளங்கையளவு கழிவுத் துண்டு கேட்டு வாங்கிவந்து, குசினியில் ஒரு மணித்தியாலம் தண்ணீரில் அவித்தேன். சாதாரணத் துண்டு நாற்பது நிமிடத்தில் ஓரத்தால் விரியத் தொடங்கியது. மற்றது கறுத்த பசைக்கோடு உள்ளது. அது அவிந்து ஆறிய பிறகும் நகத்தால் கிளப்ப முடியவில்லை. ஈரத்தைத் தாங்கும் பீனோல் பசை கறுப்பாகவோ கடும் மண்ணிறமாகவோ தெரியும். சாதாரண வகையில் போடும் யூரியாப் பசை வெளிறியது. நான் கறுத்த கோட்டுச் சீற்றை எடுத்தேன். கோச்சிப் பலகைக்குச் சாதாரண வகையே போதும், இரண்டு பக்கமும் பூசினால் சரி என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு பலகையை ஊதவிட்டு எறிந்தவள் நான். இரண்டாவது தடவை அந்தத் துணிச்சல் வரவில்லை.

எட்டுக்கு நாலு சீற்றிலிருந்து நாலுக்கு இரண்டரை எத்தனை வரும் என்பது ஆறாம் வகுப்புக் கணக்கு: மூன்று. எட்டடிப் பக்கத்தில் இரண்டரை இரண்டரையாக ஏழரை அடி போக, அரை அடி மிஞ்சும். வாளின் அலகு ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று மில்லிமீற்றர் தின்பதால் மிச்சம் ஆறங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் நாலடி நீளத்தில் 70 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு பட்டி. பலகையின் இரண்டு நீளப் பக்கத்துக்கும் சட்டம் அதுவே. ஒரு விரல் அகலமும் வீணாகவில்லை. மூன்று பலகையில் ஒன்று என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் பங்குக்காசு தந்து எடுத்துக்கொண்டார், அவருடைய மகளுக்கும் ஒரு ரயில் பெட்டி இலண்டனிலிருந்து வந்திருக்கிறது. மற்றது பின்னால் பாதையை எட்டடிக்கு நீட்டும்போது வேண்டுமென்று பரண் மேலே கிடக்கிறது. மரக்காலையிலேயே மெசினில் வெட்டித் தந்தார்கள். வெட்டுக்கூலி தனி. மூன்று பலகையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன், ஓரம் கை வழுக்கிப்போகும் அளவுக்குச் சரியாக இருந்தது.

12 மில்லிமீற்றர் எடுக்காமல் 9 எடுத்தது ஏனென்று கேட்பீர்கள். பாரம்தான் காரணம். 9 மில்லிமீற்றர்ப் பலகை ஐந்து கிலோவுக்கும் குறைவு. தனியே விட்டால் நடுவில் தொய்யும், ஆனால் அடியில் சட்டமும் குறுக்கும் போட்டால் தொய்யாது. சட்டத்தை ஏறாவூரில் மேசை கதிரை செய்யும் ஒரு நானாவிடம் கொடுத்தேன்.

“டீச்சர், இது பூச்சட்டி வைக்கவா?”

“இல்ல நானா, கோச்சி ஓட.”

அவர் சிரிக்கவில்லை. தண்டவாளத்துண்டு ஒன்றை வாங்கி, பலகையில் வைத்து, விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு, “ஆணி அடிக்கப்படாது, அடிச்ச இடத்தில பலகை மேல எழும்பும். பசையும் ஸ்குரூவும்தான்” என்றார். குறுகிய பக்கம் இரண்டுக்கும் குறுக்கு இரண்டுக்கும் நன்றாகக் காய்ந்த வேப்பஞ் சிலாகை போட்டார், இரண்டு அங்குலத்துக்கு ஓர் அங்குலம் அளவு. குறுக்குக்குக் குறுக்கு பதினாறு அங்குலம். வேம்பைத் தெரிவுசெய்தது அவருடைய யோசனை. கசப்பு மரம், கறையான் எளிதில் கிட்டப் போகாது, ஆனால் பச்சையாகப் பாவித்தால் முறுகும் என்றார். அவருடைய கொட்டிலில் ஒரு வருடத்துக்கு மேல் அடுக்கிக் கிடந்த சிலாகை அது. குறுக்குச் சட்டங்களில் வயர் போக ஓட்டை போடுமாறு நான் சொல்லவே இல்லை. “கறண்டுச் சாமான் எண்டா வயர் போகணுமே” என்று அவராகவே போட்டிருந்தார். சொன்ன நாளுக்கு நாலு நாள் பிந்தித் தந்தார். நோன்பு காலம், நான் அதைக் குறையாக எழுதவில்லை.

சட்டம் முறுகாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நாலு மூலையிலும் ஒரே உயரத்தில் குண்டூசி குத்தி, எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூல் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டு நூலும் ஒன்றையொன்று தொட்டுத் தொடாமல் நின்றால் நாலு மூலையும் ஒரே தளத்தில் இருக்கின்றன. இடைவெளி விழுந்தாலோ, ஒன்றை ஒன்று அழுத்தினாலோ முறுக்கு இருக்கிறது. இரண்டு மூலைவிட்டமும் ஒரே நீளமாக இருந்தால் மூலைகளின் செங்கோணமும் சரி. நானாவின் சட்டத்தில் மூலைவிட்டங்களின் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்.

பூசுவதில் ஒரு விடயம் முக்கியம். மேல்பக்கத்தை மட்டும் பூசிவிட்டு அடிப்பக்கத்தை விடாதீர்கள். ஒரு பக்கம் ஈரம் குடிக்க, மற்றப் பக்கம் குடிக்காமல் இருந்தால் பலகை வில்லாக வளையும். இரண்டு பக்கமும், ஓரங்களுக்கு இரட்டிப்பாகவும், வார்னிஷ் பூசினேன். வெயில் நாளில், நிழலில்.

இனி மேல்தளம். நேரே பிளைவூட்டில் தண்டவாளம் வைத்தால் கோச்சி ஓடும், ஆனால் அடியில் சட்டம் போட்ட பலகை உடுக்குப் போலச் சத்தம் போடும். அதோடு வெறும் தட்டையான பலகையில் ஆறும் வாய்க்காலும் வெட்ட முடியாது. மகனுக்கு வேண்டியது ஒரு பாலம். அதற்கு ரெஜிபோம்தான், தேர்மகோல் என்றும் சொல்லும் அந்த வெள்ளைப் போம்.

ரெஜிபோமைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவரின் பெட்டி, மணவறை அலங்காரம், மார்கழியில் பாலன் குடில் எல்லாம் அதில்தான். மீன் பெட்டியின் மூடி ஒன்றை இலவசமாகத் தந்தார்கள், கழுவிக் காயவைத்தும் வாடை போகவில்லை, திருப்பிக் கொடுத்தேன். புதுச் சீற்று வாங்குவதானால் அலங்காரச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். ஒரே தடிப்பில் இரண்டு தரம் இருக்கும். கையில் தூக்கினால் வித்தியாசம் தெரியும். பாரம் கூடியதை எடுங்கள். இலேசானதை வெட்டினால் ஜவ்வரிசி மாதிரி மணி மணியாக உதிரும், உதிர்ந்த மணி கையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு விளக்குமாற்றுக்கும் வராது. அது தண்டவாளத்துக்குள் போனால் வண்டியின் பற்சில்லில் சிக்கும். நான் முதலில் வாங்கியது அந்த இலேசான வகைதான். விறாந்தையில் வெட்டினேன், காற்று வந்தது, இரண்டு நாள் பொறுக்கினோம்.

வெட்டுவதற்குப் புது அலகு போட்ட கட்டர் கத்தி போதும். அலகை நீளமாக இழுத்து, வாள் மாதிரி அறுக்காமல், ஒரே இழுவையில் இரண்டு மூன்று தடவை ஓட்டினால் சுத்தமாக வரும். சூடான கம்பியால் வெட்டினால் இன்னும் அழகு, ஆனால் அதன் புகை கூடாதது, வளவில் வைத்துத்தான் செய்ய வேண்டும், பிள்ளை கிட்ட நிற்கக் கூடாது. ஒட்டும்போது கவனம்: சப்பாத்து ஒட்டும் மஞ்சள் பசையும் ஸ்பிரே பெயின்றும் ரெஜிபோமைக் கரைத்துப் பள்ளமாக்கிவிடும். வெள்ளை நிறத்தில் தண்ணீரில் கரையும் பைண்டர் கம்தான் சரி. பரந்து பூசி, மேலே புத்தகங்களைப் பாரமாக அடுக்கி, இரண்டு முழு நாள் விட்டேன். காற்றுப் போகாத இடத்தில் அந்தப் பசை மெதுவாகவே காயும். மாரியில் என்றால் நாலு நாள் விடுங்கள்.

ஓரங்களைத் திறந்து விட்ட ரெஜிபோமுக்குள் எறும்பு கூடு கட்டும். எங்கள் வீட்டில் பாலன் குடிலுக்கு வைத்திருந்த பழைய துண்டில் கண்டிருக்கிறேன், உள்ளே வழி வழியாகத் தோண்டியிருந்தது. ஆகவே ஒட்டிக் காய்ந்ததும் பைண்டர் கம்மைத் தண்ணீரில் சரிபாதி கரைத்து, பத்திரிகைத் தாளைக் கிழித்து நனைத்து, மேல்பக்கமும் ஓரமும் இரண்டு பூச்சு ஒட்டினேன். காய்ந்த பிறகு அது ஓடு மாதிரி இறுகியது. கை ஊன்றினால் பள்ளம் விழவில்லை, பெயின்றும் பிடித்தது. ஓர் அங்குல ரெஜிபோமும் தாளும் பெயின்றும் சேர்ந்து பலகைக்கு ஒரு கிலோகூடக் கூடவில்லை.  பதினொரு வயதுப் பிள்ளை தனியாகத் தூக்கி அலுமாரிக்குப் பின்னால் வைக்கிறான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பான்ரி அலுமாரி செய்யும் பீ.வீ.சி. போம் போட் தண்ணீருக்கு அசையாது, கறையான் தொடாது. ஆனால் விலை கூட, தாங்கல் நெருக்கமாக இல்லாவிட்டால் தொய்யும், பங்குனி சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் நீளும். தண்டவாளம் அந்த அளவு நீளாது, ஆகவே இணைப்புகள் இழுபடும். மேடை, கட்டடம் செய்யச் சின்னத் துண்டுகளுக்கு வாங்கினேன், அதற்கு மிக நல்லது. உள்ளே வெற்றிடமுள்ள குளியலறைக் கதவை அடிப்பலகையாக வைக்கலாம் என்கிறார்கள். மட்டமும் பாரக் குறைவும் உண்மைதான், வயருக்கு ஓட்டை போட்டால் உள்ளே எங்கே போகிறது என்று தெரியாது. தக்கைச் சீற்று எங்கும் தேட வேண்டாம். இந்தத் தண்டவாளத்துக்கு அடியில் ஏற்கனவே மேடு இருக்கிறது. மேடில்லாத வெறும் தண்டவாளம் உள்ளவர்கள் செருப்புக்குப் போடும் ஈவா சீற்றில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டிப் போடலாம், சத்தத்தை நன்றாக உள்வாங்கும்.

மணலைப் பற்றி ஒன்று. கல்லடிக் கடற்கரை மணலைக் கொண்டுவந்து பலகையில் தூவ எல்லாப் பிள்ளைக்கும் ஆசை வரும். தூவ விடாதீர்கள். உப்பு இருக்கிறது, தண்டவாளத்தையும் இணைப்பையும் கெடுக்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை மணலில் ஓடும் கறுப்புக் கீற்று. ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி மணலுக்குள் இழுத்துப் பாருங்கள், கறுப்புத் துகள் மயிர் மாதிரி எழுந்து ஒட்டும். எஞ்சினுக்குள் இருக்கும் மோட்டாரில் காந்தம் உண்டு. அந்தத் துகள் அங்கேதான் போய்ச் சேரும். நான் கருங்கல் உடைக்கும் இடத்துத் தூளைக் கழுவி, தேத்தண்ணி வடியில் அரித்து, அதையும் காந்தம் காட்டிவிட்டுப் பாவித்தேன்.

2024 கார்த்திகையில் திரும்பவும் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை, வாசற்படி வரை நின்றது. பலகையை மகன் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்தான். தை பிறந்து வெயில் வந்ததும் அதே நாலு குண்டூசி, அதே இரண்டு நூல். நடுவில் நூலுக்கும் நூலுக்கும் இடையில் ஒரு தாள் நுழைந்தது, இரண்டாவது தாள் நுழையவில்லை. ஓரத்தை வேணியரால் அளந்தேன்: ஐந்து இடத்திலும் 9 மில்லிமீற்றர், வார்னிஷ் தடிப்போடு சற்றுக் கூட. ஒரு மூலையில் மட்டும் ஒட்டிய தாள் காற்றடைத்துக் கிளம்பியிருந்தது. கீறி, பசை விட்டு, அமர்த்தினேன். வண்டி முழுச் சுற்றையும் கொக்கி விடாமல் ஓடியது.

தண்டவாளத்தை இன்னும் ஒட்டவில்லை. இந்த வகையை ஒட்டாமலே பூட்டி ஓட்டலாம், அதனால் பிள்ளை மனம் மாறினால் பாதையும் மாறலாம். இப்போது அவன் மனதில் இருப்பது மன்னம்பிட்டிப் பாலம். மகாவலிக்கு மேலே, பஸ்ஸும் கோச்சியும் ஒரே பாலத்தில் மாறி மாறிப் போன அந்தப் பழைய இரும்புப் பாலம். 2007இல் ஜப்பான் உதவியோடு பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகுதான் வாகனங்களுக்குத் தனி வழி கிடைத்தது. கோச்சி வரும்போது பஸ்ஸில் இருந்துகொண்டு கேற்றில் காத்திருந்த கதையை அப்பா சொல்லச் சொல்ல, மகன் அந்தக் கேற்றையும் வைக்க வேண்டும் என்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தச்சுப் பென்சிலால் ரெஜிபோமில் ஆற்றின் இரண்டு கரையையும் கீறினார். அகலம் 28 சென்றிமீற்றர், ஆழம் ஓர் அங்குலம் முழுவதும், அடியில் பிளைவூட் தெரியும் வரை. வெட்டுவதை மழைக்கு முதல் முடிக்கச் சொல்லியிருக்கிறார்.